மிலாறு சாய்ச்ச செவுரு

அன்னைக்கு நா ஒரலுல மொளகா இடிச்சுக்கிட்டு இருந்தேன். மூக்கு, தொண்ட எல்லாம் மொளகா நெடி. அதனாலதான் பொக வாடைய மொதல்ல கண்டுபுடிச்சது நா இல்ல, பின்னறையில படுத்திருந்த எங்க வீட்டுக்காரரு.

"ஏ புள்ள, என்னத்தக் கருக விட்ட?"

"அடுப்பே இன்னும் பத்த வைக்கல. கருகுறதுக்கு என்ன இருக்கு?"

சொல்லிட்டு ஒலக்கைய இன்னொரு குத்து குத்துனேன். அப்பறம் கை அப்புடியே நின்னு போச்சு. பத்த வைக்காத அடுப்புல ஏது பொக?

வெளிய ஓடியாந்து மேல பாத்தேன். தோட்டத்துத் தேயில எங்க வீட்டோட முடிஞ்சு போயிரும். அதுக்கு மேல உச்சி வரைக்கும் மானாப்புல்லுதான், ஆளு ஒசரத்துக்கு. மாசி மாசம். மழ கண்ணுல படல, புல்லு காஞ்சு வெளுத்துப் போய்க் கெடக்கு. அந்த உச்சிக்குப் பின்னால இருந்து பழுப்பா ஒரு பொக எந்திரிச்சு வருது. காத்து எங்க பக்கந்தான் அடிக்குது.

வீட்டுல நாங்க ரெண்டு பேருந்தான். மகன் வேலைக்கு ஹட்டனுக்குப் போயிட்டான். மருமக மலையில கொழுந்து எடுக்குறா. எங்க வீட்டுக்காரருக்கு வாதம் அடிச்சு எடது கையும் காலும் விழுந்து போச்சு. ஆளு சின்ன ஆளு இல்ல, ஒருத்தி தூக்குற ஒடம்பே இல்ல அது. அவரு படுத்திருக்கிற பின்னறைக்கு மலையப் பாத்த செவுரு வெறும் பலக. அந்தப் பலகைக்கு வெளிப்பக்கம், கூர மட்டத்துக்கு, அடுப்பெரிக்கிற காஞ்ச மிலாறு அடுக்கியிருக்கு.

இது ஏன் இப்புடின்னு சொல்லாம விட்டா உங்களுக்கு வெளங்காது. நெருப்பு இன்னும் உச்சிக்கு அந்தப் பக்கந்தான் இருக்கு, அதுக்குள்ள சொல்லிடுறேன்.

நாங்க முந்தி இருந்தது பணிய, கீழ இருக்கிற லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்கல்ல. அது எரிஞ்சு போச்சு. ஒரு காம்பராவுல, ஒரு குடும்பம் இருக்கிற அறையில, வயரு பத்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே கூர பாருங்க, நெருப்பு மேலாலயே ஓடி அடுத்த காம்பரா, அதுக்கடுத்த காம்பரான்னு தின்னுக்கிட்டே போச்சு. உசுருக்கு ஒண்ணும் ஆகல. என் கல்யாணச் சேல போச்சு. மாடத்துல வச்சிருந்த எங்கம்மா மூக்குத்தி போச்சு, சாம்பலச் சலிச்சுக்கூடப் பாத்தேன். அதுக்கப்பறந்தான் தோட்டத்து ஓரத்துல எங்களுக்கு இந்த எடம் கெடச்சது.

முன்பக்கம் ரெண்டு அறை கல்லு வச்சே கட்டுனான் மகன். பின்பக்கத்துக்கு வந்தப்ப, மண்சரிவு பாக்குற ஐயாமாரு வந்து, இங்க மண்ணு எளகியிருக்கு, பாரமா எதையும் ஏத்தாதீங்கன்னுட்டாங்க. அப்பத்தான் மகன் பலகன்னு ஆரம்பிச்சான். நா விடுவேனா?

"லயம் எரிஞ்சு நடுத்தெருவுக்கு வந்தவங்கடா நாங்க. மானாவுக்கு மூஞ்சக் காட்டிக்கிட்டுப் பலகச் செவுரா? அதுல உங்கப்பன வேற படுக்க வைக்கப் போறியா?"

"சாதாப் பலக இல்லம்மா. நெருப்பு புடிக்காம இருக்க மருந்து ஏத்துன பலக."

பொல்பிட்டியப் பக்கத்துல இருந்து ஒரு மரவேல பாஸ் வந்தாரு, தச்சர இங்க பாஸ்னுதான் கூப்புடுவோம். சிங்கள ஆளு. வாயில எந்நேரமும் வெத்தல, காதுல பென்சில். என்னப் பாத்து, "அம்மே, மேக்க கினி கன்னே நே" ன்னாரு. இது நெருப்பு புடிக்காதும்மான்னு அர்த்தம். அப்பறம் அவரு தமிழுலயே வெளக்கமா சொன்னாரு. "புடிக்காதுன்னா புடிக்கவே மாட்டாது இல்ல அம்மே. கருப்பு ஆகும். மெதுவா, மெதுவா கருகும். ஓடுறதுக்கு நேரம் தரும்."

கட்டுலுல இருந்து எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. "ஓடுறதுக்கா? யாரு பாஸ், நானா?"

பாஸ் வெத்தலையத் துப்பிட்டு வந்து சிரிச்சாரு.  

பெரிய குழாய்க்குள்ள பலகைய வச்சு மூடி, அழுத்தம் குடுத்து மருந்த உள்ள ஏத்துவாங்களாம். ஊசி போடுற மாதிரின்னு பாஸ் சொன்னாரு. எங்க வீட்டுக்காரருக்கு அதக் கேட்டதுல இருந்து வாய் நிக்கல. "எனக்கு எத்தன ஊசி போட்டாங்க, ஒரு வெரலு அசஞ்சுச்சா? பலகைக்குப் போட்டாங்களாம், அது நெருப்பத் தாங்குமாம்!" அப்புறம் அந்தப் பலகையத் தடவிக் குடுத்து, "தம்பி, நீயும் நானும் ஒரே ஆசுபத்திரியா?" ன்னு கேப்பாரு.

பால் காச்சுன அன்னைக்கு மருமகளோட அப்பா மஸ்கெலியாவுல இருந்து வந்தாரு. எங்க சம்பந்தி. எதையும் கண்ணால பாத்தாத்தான் நம்புவாரு. மிச்சத் துண்டு ஒண்ண எடுத்து லைட்டரப் பத்த வச்சு அடியில புடிச்சாரு. பலக கருத்துச்சு, பொகஞ்சுச்சு. லைட்டர எடுத்ததும் நெருப்பும் அணஞ்சு போச்சு. நம்பாம மறுபடி புடிச்சாரு, ரொம்ப நேரம் புடிச்சாரு. லைட்டரு சூடேறிக் கட்ட வெரலப் புடிச்சுக்கிட்டுக் குதிச்சாரு பாருங்க!

"பலக எரியலங்க. சம்பந்தி எரிஞ்சிட்டாரு" ன்னாரு எங்க வீட்டுக்காரரு. காச்சுன பால வச்சுக்கிட்டு எல்லாரும் சிரிச்சோம்.

பாஸ் போகும்போது என்னையும் மருமகளையும் கூப்புட்டு நிறுத்திச் சொல்லிட்டுப் போனாரு. இது வெளிப்பக்கத்துக்குன்னே மருந்து ஏத்துன பலக, மழைக்குக் கரையாது. உள்ளுக்குப் போடுறது வேற, ரெண்டையும் மாத்திப் போட்டுறாதீங்க. பலகைய நீளவாக்குல சீவக்கூடாது, சீவுனா மருந்து ஏறுன தோலு போயிரும். கூரைக்கும் செவுத்துக்கும் நடுவுல இருக்கிற சந்துல பொடிக் கம்பிவல அடிச்சிருக்கேன், பொறி உள்ள போகாது, அதக் கழட்டாதீங்க. சுத்திவர மானாவ வெட்டி வைங்க. கடைசியா செவுத்துல கைய வச்சு, "இதுல ஒண்ணும் சாய்க்க வேணாம் அம்மே. ஒண்ணும்" ன்னாரு.

எல்லாத்தையும் கேட்டோம். அந்தக் கடைசியத் தவிர.

ஏன்னா கவ்வாத்து வந்துருச்சு. தேயிலச் செடிய வெட்டி விடுறதுதான் கவ்வாத்து. வெட்டுன குச்சி காஞ்சா மிலாறு. எங்களுக்கு அதுதான் வெறகு. கவ்வாத்து முடிஞ்ச மலையில இருந்து பொம்பளைங்க எல்லாம் தலச்சுமையா கொண்டாந்து, அவங்கவங்க வீட்டுச் செவுத்துல, கூரத் தண்ணி படாம, கூர வரைக்கும் அடுக்குவோம். எங்க பக்கம் ஒரு வீட்டப் பாத்துட்டு வாறவங்க சமையலப் பத்திப் பேச மாட்டாங்க, மிலாறு அடுக்கப் பத்தித்தான் பேசுவாங்க. அடுக்கு சரிஞ்சு கெடந்தா அந்த வீட்டுப் பொம்பள சோம்பேறி.

எங்க வீட்டுக்காரரு காலமெல்லாம் கவ்வாத்து வெட்டுனவரு. மிலாறு அடுக்குறதுல அவரு ஒரு ராசா. தடிச்ச பக்கம் உள்ளுக்கு, நுனி வெளிய, ஒண்ணுக்குள்ள ஒண்ணக் கோத்து அடுக்குவாரு. வெளிய இருந்து ஒரு குச்சி உருவ முடியாது. அந்த வருசம் அவரால முடியல. பக்கத்துச் சன்னல் வழியாப் பாத்து, நானும் மருமகளும் அடுக்க அடுக்க வேல வாங்குனாரு.

"மாமா, பாஸ் செவுத்துல சாய்க்க வேணாம்னாரே" ன்னா மருமக.

"எரியாத பலகதானே தாயி? எரியாததுல சாய்ச்சா என்ன ஆகும்? எனக்கும் குளுரு அடிக்காது."

நாயந்தானேன்னு எங்களுக்கும் தோணுச்சு. பலகதான் எரியாது. மிலாறுக்கு யாரு ஊசி போட்டா?

சரி, நெருப்பு உச்சிக்கு வந்துருச்சு.

மொதல்ல சத்தந்தான் கேட்டுச்சு. மானாத்தண்டு வெடிக்கிற சத்தம், படபடன்னு, திருவிழாவுல சீனவெடி கொளுத்துன மாதிரி. அப்பறம் உச்சி ஓரத்துல செவப்பா ஒரு கோடு. மொசலு ஒண்ணு எங்க வாசலுக்குள்ளயே வந்து, என்னப் பாக்காம, பணிய ஓடிருச்சு.

நா உள்ள ஓடுனேன். அவரு அக்குளுல கையக் குடுத்து இழுத்தேன். பின்னறைக்கும் முன்னறைக்கும் நடுவுல ஒரு படி, குறுகலா ஒரு கதவு. அந்தப் படிய மட்டும் ஏத்திட்டா கல்லு வீட்டுக்குள்ள வந்துரலாம். இழுத்தேன். கட்டுலு ஓரம் வந்தாரு. இன்னொரு இழுப்பு இழுத்தேன், தொப்புன்னு தரையில விழுந்தாரு. அதுக்கு மேல ஒரு சாண் நகத்த முடியல. கட்டுலுலயும் இல்ல, கதவுகிட்டயும் இல்ல, நடுத்தரையில.

போன எடுத்தேன். எனக்கு எழுத்து தெரியாதுன்னு மருமக படமா வச்சுக் குடுத்திருக்கா. கல்யாண மாலையோட இருக்கிற படத்த அமுக்குனா மகன். அமுக்குனேன்.

"டேய், மானா எரியுதுடா. உங்கப்பாவத் தூக்க முடியல!"

"மிலாறு எங்கம்மா இருக்கு?"

"செவுத்துலதான்."



"அம்மா, அப்பாவ விடு. மிலாறத் தள்ளு. மொதல்ல மிலாறத் தள்ளு. நா வாறேன்."

புருசன நெருப்புக்குப் பக்கத்துல தரையில போட்டுட்டு வெறகு தூக்கப் போன்னு எந்த மகன் சொல்லுவான்? எனக்குக் காலு வரல. அவருதான் கீழ கெடந்துக்கிட்டு, "அவன் சொல்றது சரி புள்ள. போ" ன்னாரு. நா கம்புளிய எடுத்துப் பீலிக் குழாயில புடிச்சு வச்ச தண்ணி வாளிக்குள்ள முக்கி அவரு மேல போட்டேன்.

"குளுருது."

"கொஞ்ச நேரத்துல சூடாயிரும்" னுட்டு ஓடுனேன். இப்ப நெனச்சா சிரிப்பு வருது. அப்ப நா விளையாட்டுக்குச் சொல்லல.

பின்னால போய் மிலாறப் புடிச்சு இழுத்தேன். வருமா? ராசா சொல்லி அடுக்குன அடுக்கு. ஒண்ண இழுத்தா பத்து சேந்து இறுக்குது. கையெல்லாம் கீறி ரத்தம். மேல இருந்து சாம்பல் கொட்டுது, சூடா. நெருப்பு பாதி மலை எறங்கிருச்சு. "முருகா, முருகா" ன்னு கத்திக்கிட்டே இழுக்குறேன், ஒரு குச்சி வரல.

பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு. தரையில கெடந்து நல்ல கையால தட்டுறாரு.

"அடியே, நடுவுல இழுக்காத! எடது மூலையில, இடுப்பு ஒசரத்துல, தடிச்ச கட்ட ஒண்ணு குறுக்க இருக்கும். அதான் பூட்டு. அத உருவு!"

"எனக்கு எடதா, உங்களுக்கு எடதா?"

"உனக்குடி! நா மல்லாக்கக் கெடக்கேன், எனக்கு எடதும் இல்ல வலதும் இல்ல!"

தடவுனேன். இருந்துச்சு. வேலிக்கம்பு மொத்தத்துல தேயில அடிக்கட்ட. காலச் செவுத்துல ஊண்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் உருவுனேன். வந்துச்சு. உருவுன வேகத்துல நா பின்னால மழத்தண்ணி ஓடுற கானுக்குள்ள போய் விழுந்தேன். கண்ணு முன்னால அம்புட்டு அடுக்கும் கொஞ்சங் கொஞ்சமா நெளிஞ்சு, சரசரன்னு செவுத்த விட்டு முன்னால சரிஞ்சு விழுந்துச்சு.

சரிஞ்சது சரிஞ்சதுதான். ஆனா செவுத்துல இருந்து ஒரு எட்டு தூரத்துலதானே கெடக்கு? அதையும் இழுத்து அப்புறப்படுத்தணும். நா ஒருத்தி எப்புடி இழுப்பேன்னு கானுக்குள்ள ஒக்காந்து அழ ஆரம்பிக்கும்போது, கீழ படியில காலுச் சத்தம். பொகையப் பாத்துட்டு மருமக முன்னால ஓடியாறா, பின்னால அவகூட கொழுந்து எடுக்குற நெறக்காரிங்க. தலையில கூடையோட ஓடியாந்தவளும் உண்டு, கூடைய எறக்கி வைக்கக்கூட தோணல அவளுக்கு.

மருமக ஒரு பார்வதான் பாத்தா. "பாதிப் பேரு மிலாறு! பாதிப் பேரு மாமா!" காலையில பெரட்டுக் களத்துல பேரு கூப்புட்டு வேலைக்கு ஆளு பிரிக்கிற கண்டாக்கு ஐயா மாதிரி பிரிச்சு விட்டா. என் மருமக அம்புட்டு சத்தமாப் பேசி நா அன்னைக்குத்தான் கேட்டேன்.

நாங்க மிலாற வாரி வாரிக் கானத் தாண்டி எறிஞ்சோம். அவங்க இடுப்புல கட்டியிருந்த படங்கக் கழட்டி விரிச்சு, அவரு அதுல உருண்டு படுக்க, நாலு மூலையையும் புடிச்சாங்க. கொழுந்து எடுக்கும்போது நனையாம இருக்கக் கட்டுற படங்கு அது, ஆளத் தூக்கத் தச்சது இல்ல. உள்ள இருந்து கதவுல இடிக்கிற சத்தமும் அவரு சத்தமும் கேக்குது.

"மெதுவா தாயி, மெதுவா! நா கொழுந்து இல்ல!"

"கொழுந்துன்னா எப்பவோ தூக்கிருப்போம் பெரியப்பா, நீங்க மூட்ட!"

"கொழுந்துத் தராசுல வச்சா படங்குக்குன்னு எடையக் கழிச்சுக்குவாங்க, ஏமாந்துறாதீங்கடி!"

அப்ப நெருப்பு எங்க மேட்டுக்கு வந்துருச்சு. வீட்டச் சுத்தி மானா வெட்டியிருந்தோம்ல, அந்த வெட்டுன எடத்துல வந்து நெருப்பு நின்னு குனிஞ்சுச்சு. ஆனா பொறிய யாரு நிறுத்துறது? காத்து தூக்கி எறிஞ்சுச்சு. அடிமட்டத்துல, எடது மூலையில, நாங்க எடுக்காம விட்ட மிலாறு கொஞ்சம் செவுத்த ஒட்டிக் கெடந்துச்சு. பொறி அதுல விழுந்துச்சு.

மிலாறு எரியிறத நீங்க பாத்ததில்ல. எண்ணெய் ஊத்துன மாதிரி புடிக்கும். குப்புன்னு எந்திரிச்சு என் ஒசரத்துக்குப் பலகைய நக்குச்சு. "படி ஏறியாச்சா?" ன்னு கத்துனேன். "கதவுல மாட்டிருச்சு அத்தே!" ன்னா மருமக உள்ள இருந்து. அவரு ஒடம்பு கதவுக்குள்ள, காலு இன்னும் பின்னறையில. காலுக்கும் நெருப்புக்கும் நடுவுல ஒரு பலக.

கிட்டப் போக முடியல, மூஞ்சி வேகுது. ஒரு பெரிய மிலாறுக் கம்ப எடுத்து எரியிறதக் குத்திக் குத்தி வெளிய தள்ளுனோம், நானும் கூடைக்காரியும். பலக கருத்துச்சு. பொகஞ்சுச்சு. ஒரு மாதிரி மருந்து வாடை வந்துச்சு. நா அதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன், இந்தா புடிக்கப் போகுது, இந்தா கூரைக்கு ஏறப் போகுதுன்னு. லயத்துக் கூர எரிஞ்சது என் கண்ணுக்குள்ளயே நிக்குது. கடைசி மிலாற வெளிய தள்ளுனதும் செவுத்துல நின்ன நெருப்பு அப்புடியே சுருங்குச்சு. சுருங்கி, அங்கங்க நீலமா ரெண்டு நாக்கு மட்டும் நின்னு, அதுவும் போயிருச்சு. சம்பந்தி லைட்டர எடுத்தப்ப அணஞ்சுச்சே, அதே மாதிரி.

"ஏத்திட்டோம் அத்தே!"

நா கானுக்குள்ளயே ஒக்காந்துட்டேன்.

மகன் வந்தப்ப மலை கருப்பா, அங்கங்க பொகஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்தவன் நேரா பின்னறைக்குப் போய், உள்பக்கத்துல அந்த மூலையில கைய வச்சுப் பாத்தான். என்னையும் வைக்கச் சொன்னான். தோசக்கல்லு மாதிரி கொதிக்கும்னு நெனச்சேன். அடுப்புப் பக்கத்துச் செவுரு மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சு, அம்புட்டுத்தான்.

அடுத்த வாரம் பாஸ் வந்தாரு. உளிய வச்சுக் கருகுன எடத்தச் சொரண்டுனாரு. வெரலு நகத்து கனத்துக்குக் கரி, அதுக்குக் கீழ மஞ்சளா மரம். அந்தப் பலகைய மாத்திரலாம்னு மகன் சொன்னான். "ஒண்ணும் தேவையில்ல. அவனும் நானும் ஒரே ஆசுபத்திரி" ன்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு. பாஸ், கரிய மட்டும் சொரண்டித் தடவ மருந்து குடுத்துட்டு, கானுக்கு அந்தப் பக்கம் செதறிக் கெடந்த மிலாறப் பாத்தாரு, என்னப் பாத்தாரு.  மருமக அவசரமா, "தேத்தண்ணி குடிங்க பாஸ்" ன்னா.

இந்த வருசம் கவ்வாத்து முடிஞ்சு மிலாறு வந்துருச்சு. கானுக்கு அந்தப் பக்கம் தகரம் போட்டுத் தனியா ஒரு கொட்டா அடிச்சுக் குடுத்திருக்கான் மகன். தலச்சுமையோட நா முத்தத்துல ஏறுன ஒடனே சன்னல்ல இருந்து சத்தம்.

"அங்க! அந்தப் பக்கம் கொண்டு போ! செவுத்துல ஒரு குச்சி பட்டுச்சோ, எந்திரிச்சு வந்துருவேன்!"

நா சுமைய எறக்கி வச்சேன். நல்லதா ஒரு குச்சி உருவி, அவரு பாக்குற மாதிரி அந்தக் கருப்பு மூலையில சாய்ச்சு வச்சேன்.

"இந்தா வச்சிருக்கேன். எந்திரிச்சு வாங்க பாப்போம்."

வாயில வந்ததெல்லாம் சொல்லி வஞ்சாரு. நா இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னு பாத்தேன். கட்டுலுச் சட்டத்த நல்ல கையால புடிச்சு, தம் கட்டி, பாதி ஒடம்பத் தூக்கி ஒக்காந்துட்டாரு மனுசன்.

"எடு அத!"

"இன்னும் கொஞ்சம்" னேன்.